கல்வெட்டில் இருக்கும் வீடும், முட்டுக்காட்டில் இருக்கும் வீடும்

உத்திரமேரூர் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடவோலை முறைதான். பள்ளிக்கூட சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பானை, பானைக்குள் கைவிடும் ஒரு சிறுவன், சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் என்று படம் இருக்கும். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. அதோடு பலருக்கு உத்திரமேரூர் முடிந்துவிடும்.

ஆனால் அந்தக் கல்வெட்டில் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. அது ஒரு வீட்டைப் பற்றியது.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919, மற்றொன்று கி.பி. 921. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஓலையில் பெயர் எழுதிப் பானையில் போட வேண்டுமானால் அந்த ஆளுக்குச் சில தகுதிகள் வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவராக இருக்கக் கூடாது (இந்த விதியை மட்டும் இன்றைக்கும் கொண்டு வந்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்பது வேறு கதை). வயது 919-ல் முப்பது முதல் அறுபது வரை என்று இருந்தது, இரண்டே வருடத்தில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்று மாற்றியிருக்கிறார்கள். இவற்றோடு இன்னொரு தகுதி, சொந்த மனையில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு குடியிருக்க வேண்டும்.

ஆக, ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்னால் உத்திரமேரூரில் ஒருவர் சபைக்கு வர வீடு வேண்டும். சரி, அந்த வீடு எப்படி இருந்தது? திண்ணை இருந்ததா? முற்றம் இருந்ததா? அடுப்பு எந்த மூலையில்? நெல் எதில் கொட்டி வைத்தார்கள்? ஒன்றும் தெரியாது. கல்வெட்டில் வீடு என்ற சொல்லின் பொருள் மட்டும் இருக்கிறது, அந்தக் காலத்து வீடு ஒன்றுகூட இல்லை.

இதற்குக் காரணம் எளிமையானது. கோயிலைக் கல்லில் கட்டினார்கள், வீட்டை மண்ணிலும் மரத்திலும் ஓலையிலும் கட்டினார்கள். கல் நின்றது. மண் மழையில் கரைந்தது, மரத்தைக் கரையான் தின்றது, ஓலையை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. அதனால் நமக்குக் கிடைத்திருக்கும் பழைய காலம் என்பது பெரும்பாலும் சாமியின் காலம், அரசனின் காலம். மனிதன் சோறு தின்று தூங்கிய இடம் கிடைக்கவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் அன்றாட வாழ்க்கை அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் என்று வாரியங்களின் பெயர்களே ஊர் எதையெல்லாம் கவனித்தது என்று காட்டுகின்றன. பொன்னுக்கு மாற்றுப் பார்ப்பவர்களைப் பற்றிய ஒரு கல்வெட்டு சுவாரசியமானது. உரைகல்லில் உரைக்கும்போது ஒட்டும் பொன் துகளை மெழுகில் எடுப்பார்கள். அந்த மெழுகை மாற்றுப் பார்ப்பவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது, ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பெருமக்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி! ஒரு குன்றிமணி அளவுகூட இல்லாத தூசிக்கும் கணக்கு வைத்த ஊர். அந்த ஏரி பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் வைரமேக தடாகம் என்று பெயர் பெற்றது. ஊரும் பல்லவர் காலத்தில், இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம்தான்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சபை நிலமும் வேதமும் உடையவர்களின் சபை. உழுதவரும் பானை செய்தவரும் துணி நெய்தவரும் அந்த ஓலைகளில் இல்லை. பானையில் ஓலை போட்டார்கள் என்று படிக்கிறோம், அந்தப் பானையைச் செய்தவர் யார் என்று கேட்பதில்லை. அவருக்கு வீடு இருந்திருக்கும், ஆனால் அது தகுதியாக எண்ணப்படவில்லை.

உத்திரமேரூர் பற்றி விரிவான புத்தகம் ஒன்றை 1970-ல் புதுச்சேரி பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டது. எழுதியவர்கள் பிரான்சுவா குரோ, இரா. நாகசாமி இருவரும். ஊரின் கோயில்கள், வரலாறு, கதைகள் எல்லாம் அதில் உண்டு. பிரான்சுக்காரர் ஒருவர் நம்ம ஊர்ப் பக்கத்துக் கிராமத்தைப் பற்றி எழுதினாரா என்று ஆச்சரியப்படலாம். ஆனால் அதே சமயத்தில் பிரான்சிலேயே வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்வதற்கு முன் முட்டுக்காட்டுக்குப் போய்விட்டு வரலாம்.

உத்திரமேரூரிலிருந்து வடகிழக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், படகுத் துறையால் பலருக்கும் தெரிந்த முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. சென்னையிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். பத்து ஏக்கர் நிலம். 1996 டிசம்பர் 14-ல் திறந்தார்கள். அப்போது அது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். அடுத்த வருடமே மாவட்டம் பிரிந்து காஞ்சிபுரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் மறுபடி பிரித்ததால் இப்போது செங்கல்பட்டு மாவட்டம். அருங்காட்சியகம் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டம் மட்டும் இரண்டு முறை மாறிவிட்டது!

இதைத் தொடங்கியவர் டெபோரா தியாகராஜன். அமெரிக்காவில் பிறந்து, சென்னைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட கலை வரலாற்றாளர். அவர் 1984-ல் மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பை ஏற்படுத்தினார். அமைப்பு தொடங்கியதற்கும் அருங்காட்சியகம் திறந்ததற்கும் நடுவில் பன்னிரண்டு வருடம். நிலம், பணம், வீடு மூன்றையும் தேடுவதற்கு அவ்வளவு காலம் ஆகத்தான் செய்யும். இடத்தின் வடிவமைப்புக்கு முதலில் உதவியவர் லாரி பேக்கர். செங்கல்லை வைத்துக் குறைந்த செலவில் வீடு கட்டிக் காட்டியவர் என்று கேரளாவில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அவர் வழியில் வந்த கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ் பெரும்பகுதி வேலையை நிறைவேற்றினார்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தட்சிணசித்ரா என்றால் தெற்கின் சித்திரம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனுக்குச் சித்திரகாரப்புலி என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே மாமண்டூர்க் குகையில் உள்ள சிதைந்த கல்வெட்டில் தட்சிணசித்ரம் என்ற சொல் வருகிறது, அது ஓவியக் கலை பற்றிய நூல் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்த நூல் கிடைக்கவில்லை. பெயர் மட்டும் மிஞ்சியது. மறைந்துபோனவற்றை வைத்துக் காட்டும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இது கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்து, கீழே ஒரு அட்டையில் பெயர் எழுதும் அருங்காட்சியகம் இல்லை. இங்கே காட்சிப் பொருளே வீடுதான். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா வீடுகள் பதினெட்டு இருக்கின்றன. இவற்றில் பல, அந்தந்த ஊரில் இடிக்கப்பட இருந்தவை. அவற்றை விலைக்கு வாங்கி, தூண், உத்திரம், கதவு, நிலை என்று பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, அந்தந்த ஊர்த் தச்சர்களையும் கொத்தர்களையும் வைத்தே மறுபடியும் பூட்டியிருக்கிறார்கள். கேரளாவில் கோட்டயம் பக்கம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு 1850-ல் கட்டியது. முழுக்க மரம். அதில் நடுநாயகமாக இருப்பது சாமி அறையோ கூடமோ கிடையாது, நெல் வைக்கும் அறை! பலகையாலான அந்த அறையைச் சுற்றித்தான் வீடே வளர்ந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களுக்கு எது முக்கியம் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கத் தேவையில்லை.

விசாகப்பட்டினம் பக்கத்து வட்ட வடிவ வீடு இன்னொரு நல்ல உதாரணம். வங்கக் கடலோரத்தில் புயல் அடிக்கடி வரும். மூலை இருக்கும் வீட்டில் காற்று மூலையைப் பிடித்துக்கொள்ளும். வட்டமான சுவரும் தரைவரை தாழ்ந்த கூரையும் காற்றைச் சுற்றிக்கொண்டு போகவிடும். இன்ஜினியரிங் கல்லூரி இல்லாமல் கற்றுக்கொண்ட இன்ஜினியரிங். கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு கல்லில் கட்டியது, ஏனென்றால் அந்த ஊரில் கல்தான் மலிவு.

செட்டிநாட்டு வணிகர் வீட்டைப் பார்த்தால் பர்மா தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும். நகரத்தார் பர்மாவில் வட்டித் தொழில் செய்து சம்பாதித்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கப்பலில் வந்த மரம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபின் அந்த வருமானம் நின்றது. பிறகு வாரிசுகள் பல ஊர்களுக்குப் போனார்கள். நாற்பது ஐம்பது அறை உள்ள வீட்டுக்கு யார் வெள்ளை அடிப்பது? பங்காளிகள் பலருக்கும் பங்கு, ஒருவருக்கும் பொறுப்பு இல்லை. கடைசியில் வீட்டைப் பிரித்துத் தூண் தனியாக, கதவு தனியாக விற்றார்கள். காரைக்குடியில் பழம்பொருள் விற்பதற்கென்றே கடைகள் வரிசையாக வந்தன. அங்கே வாங்கிய கதவு சென்னையில் ஏதோ ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் மேசையாக இருக்கலாம். டெபோரா தியாகராஜன் செட்டிநாட்டுப் பக்கம் சுற்றியபோது இப்படி வீடுகள் போவதைப் பார்த்ததுதான் இந்த முயற்சிக்கு ஒரு காரணம்.

இப்படி வேறு இடத்தில் வீட்டைக் கொண்டுபோய் வைக்கும் எண்ணம் புதியது கிடையாது. ஸ்வீடன் நாட்டில் ஆர்தர் ஹசீலியஸ் என்பவர் 1891-ல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். தொழிற்சாலை வந்து கிராமம் காலியாகிக்கொண்டிருந்த காலம் அது. உலகம் முழுக்க இந்த மாதிரி இடங்களுக்கு ஸ்கான்சென்தான் தாத்தா. தட்சிணசித்ரா அந்தக் குடும்பத்தின் தென்னிந்தியப் பேத்தி எனலாம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. மர வீட்டைப் பிரித்துக் கொண்டுவர முடியும். மண் வீட்டை எப்படிக் கொண்டுவருவது? சுவரைத் தொட்டாலே உதிர்ந்துவிடும். அதனால் தட்சிணசித்ராவில் குயவர் வீடு, கூடை முடைபவர் வீடு போன்ற எளிய வீடுகள் இருந்தாலும், அந்த வகை வீடுகளை அங்கேயே மண் குழைத்து, ஓலை வேய்ந்து புதிதாகக் கட்டத்தான் முடியும். வசதியானவரின் வீடு அசலாக வரும், ஏழையின் வீடு நகலாகத்தான் வரும். இது அருங்காட்சியகம் செய்த தவறு கிடையாது. தேக்கு நூறு வருடம் நிற்கும், ஓலை நிற்காது. உத்திரமேரூர் சுவரில் நடந்ததுதான் இங்கேயும் வேறு விதத்தில் நடக்கிறது. கல்லில் எழுத முடிந்தவர் மிஞ்சினார், தேக்கில் கட்ட முடிந்தவர் மிஞ்சினார். நகலாக இருந்தாலும் குயவருக்கு அங்கே ஒரு வாசல் இருக்கிறதே, அது உத்திரமேரூர் சபை அவருக்குக் கொடுக்காதது.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. தட்சிணசித்ராவில் காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு ஒன்று இருக்கிறது. உள்ளே தறி. காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. காஞ்சிப் பட்டில் சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் அதைக் கோர்வை என்பார்கள். இரண்டு பக்கக் கரைக்கும் நடு உடலுக்கும் தனித்தனி நாடா ஓட வேண்டும். நெய்பவர் ஒருவர் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பிள்ளையாகத்தான் இருந்தது, பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை. தறி வீட்டுக்குள் இருந்ததால் வேலை நேரம், வீட்டு நேரம் என்று பிரிவே கிடையாது.

தறிக்கு வருவதற்கு முன் பாவு போட வேண்டும். பட்டு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, கஞ்சி போட்டுக் காயவைக்க வேண்டும். அதற்கு வீட்டுக்குள் இடம் கிடையாது. அதனால் விடியற்காலையில் தெருவில் நீளமாகப் பாவை விரித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று வேலை செய்வார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். மாட்டு வண்டி வந்தால் காத்திருக்கும். அதாவது நெசவாளர் வீடு வாசற்படியோடு முடிவதில்லை. தெருவும் அந்த வீட்டின் ஒரு அறைதான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கை கொடுத்தால்தான் பாவு ஓடும்.

வீட்டைத் தூக்கி வரலாம். தெருவை எப்படித் தூக்கி வருவது?

இங்கேதான் பிரான்சு வருகிறது. அந்த நாட்டின் மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி பிரித்தானி. அங்கே வாழும் பிரெத்தோன் மக்களுக்குத் தனி மொழி, தனி உடை, தனிப் பாட்டு. பாரிஸில் இருந்தவர்கள் அதைப் பட்டிக்காட்டு மொழி என்று பார்த்த காலம் உண்டு. பள்ளியில் அந்த மொழி பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை கொடுத்த காலமும் உண்டு. கேம்பேர் என்ற ஊரில் 1846-லேயே பிரெத்தோன் அருங்காட்சியகம் தொடங்கிவிட்டது. ஆனால் இங்கே முக்கியமானது அதற்கும் மேற்கே உள்ள உவெசான் என்ற சின்னத் தீவு.

அந்தத் தீவின் ஆண்கள் கப்பலுக்குப் போய்விடுவார்கள். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். நிலத்தை உழுது, ஆடு மேய்த்து, வீட்டை நடத்தியவர்கள் பெண்கள். தீவில் பெரிய மரங்கள் கிடையாது. அதனால் பாறையில் மோதி உடைந்த கப்பல்களின் பலகைகள் கரை ஒதுங்கும்போது அவற்றை எடுத்துக் கட்டிலும் அலமாரியும் செய்தார்கள். ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு வகை. அது தெரியாமல் இருக்க நீலம் போன்ற வண்ணங்களைப் பூசினார்கள். புருஷனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, யாரோ ஒருவருடைய புருஷன் போன கப்பலின் பலகையில் செய்த கட்டிலில் தூங்கிய பெண்கள்! இதை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவது?

1968-ல் அங்கே நியூ உவெல்லா என்ற குடியிருப்பில் இரண்டு பழைய வீடுகளை இருந்த இடத்திலேயே அருங்காட்சியகம் ஆக்கினார்கள். ஜார்ஜ் ஆன்ரி ரிவியேர் என்ற அருங்காட்சியக அறிஞரின் சிந்தனை அதன் பின்னால் இருந்தது. வீட்டை வேறு ஊருக்குக் கொண்டுபோகவில்லை. கட்டில் அதே சுவரோரம், ஜன்னலுக்கு வெளியே அதே கடல், அதே காற்று. இந்த வகைக்குப் பிறகு 'எக்கோமியூசியம்' என்று பெயர் வந்தது.

இரண்டில் எது சரி என்று பட்டிமன்றம் வைத்தால் முடிவு எளிதில் வராது. வீடு இருந்த இடத்திலேயே இருப்பது நல்லதுதான். ஆனால் வாரிசுகளுக்கு வேண்டாம், ஊருக்கும் வேண்டாம், அடுத்த வாரம் இடிக்கப்போகிறார்கள் என்ற நிலையில் 'இடத்திலேயே வையுங்கள்' என்று யாரிடம் சொல்வது? அந்த நேரத்தில் லாரி கொண்டுவந்தவர்தான் காப்பாற்றினார். மேலும் தூரத்துக் கிராமத்தில் வைத்த வீட்டை எத்தனை பேர் போய்ப் பார்ப்பார்கள்? தட்சிணசித்ராவுக்குப் பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். குயவர் சக்கரத்தில் கை வைத்து, கோணலாக ஒரு அகல் செய்து பார்க்கிறார்கள். அய்யனார் கோயில் குதிரைகளைப் பார்த்து 'இது எங்க தாத்தா ஊர்ல இருக்கு' என்று ஒரு பிள்ளை சொன்னால்கூட அது லாபம்தான்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். பழைய வீடு போகிறதே என்று வருத்தப்படுவது வெளியே இருப்பவர்களுக்குச் சுலபம். ஓலைக் குடிசையில் இருப்பவருக்கு ஐப்பசி, கார்த்திகை மாத மழையில் ஒழுகும் கூரைதான் தெரியும், தீப்பிடித்தால் ஒரு தெருவே போகும் என்பதும் தெரியும். 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்து குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்றத் தொடங்கியபோது யாரும் ஓலைக்காக அழவில்லை. அழ வேண்டியதும் இல்லை. பாவு ஓடிய தெருவில் இழை வாங்கிப்போகும் வேலை குறைந்து, நாடா தள்ளிய பிள்ளை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் அதையும் குறை சொல்ல முடியாது. குடிசையைக் காப்பாற்றச் சொல்வதும் குடிசை எப்படி இருந்தது என்று தெரிந்து வைத்திருப்பதும் ஒன்று இல்லை. முதலாவதை யாரும் கேட்கக் கூடாது. இரண்டாவதைச் செய்யாவிட்டால், இன்றைக்குப் பராந்தகன் காலத்து வீட்டைப் பற்றி நிற்பதுபோல் நாளைக்கு 1950-ஆம் வருடத்து வீட்டைப் பற்றியும் வெறுங்கையோடு நிற்க வேண்டி வரும்.

உத்திரமேரூருக்கு வருபவர்கள் இப்போது வைகுண்டப் பெருமாள் கோயிலைச் சுற்றிக் கல்வெட்டைப் பார்க்கிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே உத்திரமேரூரைச் சொன்னார், அதன்பின் பெயர் இன்னும் பரவியது. சிலர் மூன்று நிலை விமானம் உள்ள சுந்தரவரதப் பெருமாள் கோயிலுக்கும் போகிறார்கள். பிறகு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்துக் கிராமங்களில் இன்னும் நாட்டு ஓடு போட்ட வீடுகள் அங்கங்கே நிற்கின்றன. வழவழவென்று தேய்ந்த திண்ணை, மழைத் தண்ணீரை அண்டாவில் பிடிக்கும் முற்றம், மூலையில் மூங்கில் குதிர். பல வீடுகளில் வயதான ஒருவர் மட்டும் இருக்கிறார், அல்லது பூட்டு மட்டும் தொங்குகிறது.

உவெசானில் எடுத்து வைத்தது இரண்டே இரண்டு வீடுகள்தான்.